கோர்வையா எழுதச் சொன்னாரு

உனக்கு வேற வேலையே கிடையாதாம்மா? பட்டு பத்திக் கேளு, சொல்றேன். எந்த சாமி எந்த வாகனத்துல எந்தத் தெருவால வரும்னு கேளு, சொல்றேன். இந்தத் தெருவுல யாரு யாரோட பேசறதில்லன்னு கேளு, சோறு போட்டு சொல்றேன். அதையெல்லாம் வுட்டுட்டு, கம்ப்யூட்டர்ல லண்டன்காரரோட சண்ட போட்டீங்களாமே ஆயான்னு கேட்டுக்கினு வந்து குந்திக்கிட்ட. யாரு சொன்னது உனக்கு? சொன்ன வாயி எதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற, நீயும் போய் சண்ட போடப் போறியா? சரி, வந்துட்ட. ஃபேன் பக்கமா நவுந்து குந்து. ஒண்ணு சொல்லிட்றேன், நடுவுல நடுவுல "அப்படியா, அப்படியா"ன்னு கேக்காத. எனக்கு அந்த எடம் மறந்து பூடும்.

நான் மூணாவது வரைக்கும் தான் படிச்சவ. அதுலயும் மூணாவது முழுசு கிடையாது. பஸ்ஸு மேல எழுதியிருக்கற ஊர எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள அந்த பஸ்ஸு தாமல் ஏரியத் தாண்டிடும். அப்பேர்ப்பட்ட என்னை "ஐயா, தங்கள் வாதம் சிறப்பு"ன்னு கம்ப்யூட்டர்ல எழுதுனாங்க. ஐயாவாம். எங்க வூட்டுக்காரருக்கு அன்னிக்கு முழுக்க சிரிப்பு. காப்பி வேணும்னா "ஐயா, ஒரு டம்ளர் காப்பி"ன்னு கேட்டுக்கினு இருந்தாரு.

எல்லாத்துக்கும் காரணம் என் மருமக. அவ ஆற்காட்டுப் பக்கத்துப் பொண்ணு, காலேஜு முடிச்சவ. அவங்க வூட்ல தறி கிடையாது. நெய்யறவரு காலத் தொங்க வுட்டுக் குந்தற தறிக்குழிய மொதல் தடவ பார்த்துட்டு, இதுல தண்ணி ரொப்புவீங்களான்னு கேட்டவ. என் மவன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போயிடுவான், கம்பெனி பஸ்ஸு விடிகாலையில வந்து அவனை ஏத்திக்கினு பூடும். இவ வூட்ல சும்மா இருக்க முடியாம கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி, பட்டுக் கடைக்காரங்களுக்கு சேலைக் கரைக்கு டிசைன் போட்டுத் தருவா. மயிலு, யானை, ருத்ராட்சம், இன்னா கேட்டாலும் கட்டம் கட்டமா வரைஞ்சுடுவா. தறி ரூம்புக்கு அடுத்த ரூம்பு தான் அவ ரூம்பு.

வேலை செய்வா, ஆனா பேச மாட்டா. நான் கேலி பண்ணா சிரிச்சிட்டு உள்ள பூடுவா. உனக்கு நாக்கு இருக்குதா, பொறந்த வூட்லயே வச்சிட்டு வந்துட்டியான்னு மூஞ்சிக்கு நேராவே கேப்பேன். அதுக்கும் சிரிப்பு தான். எனக்கே அலுத்துப் போச்சு. எதுத்துப் பேசுனா தானே ரெண்டு வார்த்த ஷோக்கா திட்டலாம்?

கவர்மெண்டு கலர் டிவி சும்மா குடுத்துக்கினு இருந்த நேரம் அது. ஒரு நாள் நான் ராட்டையில தார் சுத்திக்கினு இருக்கேன். நெய்யும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடற நாடாவுல வைப்பாங்களே, அந்தக் குச்சியில நூல சுத்தறது தான் தார் சுத்தறது. உள்ள ரூம்புல மருமக, "அய்யய்யோ, இழையப் பூட்டிட்டாங்களே"ங்கறா. நான் ராட்டைய வுட்டுட்டு ஓடுனேன். எந்த இழைடி, யாரு பூட்டுனது, நெசவு சொசைட்டிக்காரனான்னு கேட்டேன். பட்டு இழைன்னு தானே நான் நெனைப்பேன்? அவ கம்ப்யூட்டரக் காமிச்சு சிரிச்சிக்கினே வெளக்குனா. உலகத்துல எங்கெங்கயோ இருக்கற தமிழாளுங்க கூடி வாதாடற எடமாம் அது. கருத்துக்களம்னு பேரு. ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு இழை. இழையில சண்ட முத்திப் போனா தலைவரு ஒருத்தரு வந்து அதைப் பூட்டிடுவாராம். அந்தத் தலைவருக்கு மட்டுறுத்துநர்னு பட்டம். என் வாயில நுழையல. உறுத்தறவருன்னு வச்சுக்கினேன். அவரும் கடைசி வரைக்கும் அந்தப் பேருக்கு ஏத்தா மாதிரியே நடந்துக்கினாரு.

அப்பால தான் வெவரம் தெரிஞ்சுது. என் மருமக அங்க ரொம்ப நாளா பேசிக்கினு இருக்கா. கரெண்டு கட்டு, தண்ணி, வரதட்சணை, எலெக்சன், சும்மா டிவி குடுக்கறது சரியா தப்பா, எல்லாத்துக்கும் அவளுக்கு ஒரு கருத்து இருக்குது. எங்க வூட்ல பேசாத பேச்செல்லாம் அங்க போய் பேசியிருக்கா. அவளும் ஒரு பட்டப்பேரு வச்சிருந்தா. அந்தப் பேர நான் சொல்ல மாட்டேன், இன்னிக்கும் அங்க தான் இருக்கா. எழுதனது எல்லாம் பாடப் புத்தகம் மாதிரி சுத்தத் தமிழு. அவ ரெண்டு நாள் வரலைன்னா, தோழி எங்கே, தோழியின் கருத்து என்னன்னு கேக்கறாங்க.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொழம்புல உப்பு சரியா இருக்குதான்னு நான் அவளைக் கேட்டிருக்கேன். வேற எதுக்கும் அவ கருத்து இன்னான்னு இந்த வூட்ல ஒருத்தரும் கேட்டது கிடையாது. கடலு தாண்டி இருக்கறவன் கேக்கறான். வவுறு எரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். ரவ பொகைஞ்சுது.

எனக்கும் படிச்சுக் காட்டுன்னேன். அதுலருந்து மத்தியானத்துல அவ படிப்பா, நான் ராட்டையோட அந்த ரூம்பு வாசல்ல குந்திக்கினு கேப்பேன். சீரியலு பார்க்கறதையே வுட்டுட்டேன்னா பார்த்துக்கோ. சீரியல்ல ஒருத்தி அழுவறதுக்கு ஒரு வாரம் ஆவும். இங்க ஒரு பக்கத்துல நாலு பேரு அடிச்சிக்கறாங்க. எங்க வூட்டுக்காரரு தறியில இருந்துக்கினே காதக் குடுப்பாரு. நல்ல எடம் வந்தா ரேடியோவக் கம்மி பண்ணுவாரு. அவரு ரேடியோவக் கம்மி பண்றது சாதாரண விசயம் இல்ல. எங்களுக்கு கையளவு நெலம் கிடையாது. ஆனா வயலும் பயிரும் பத்தி ரேடியோவுல பேசறத ஒரு நாள் வுட மாட்டாரு. நெல்லுல பூச்சி வுழுந்தா இன்னா மருந்துன்னு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு.

அப்படி இருக்கச்சொல்ல தான் லண்டன்காரரு ஒரு இழைய ஆரம்பிச்சாரு. அவங்க ஊர்ல டிவி வச்சிருக்கற ஒவ்வொரு வூடும் வருசா வருசம் கட்டணம் கட்டணுமாம். அந்தக் காசுல பொதுவா ஒரு டிவியும் ரேடியோவும் நடக்குதாம். ஜனங்க காசுல நடக்கறதால அது கவர்மெண்டுக்கும் பயப்படாது, வெளம்பரக்காரனுக்கும் பல்ல இளிக்காது. நம்ப ஊர்லயும் கவர்மெண்டு டிவிக்கும் ரேடியோவுக்கும் அப்படி கட்டணம் வச்சா இன்னான்னு கேட்டாரு. அதுக்கு ஒருத்தரு, ரேடியோவ இப்போ யாரு கேக்கறாங்க, மூடிட்டா செலவு மிச்சம்னு எழுதனாரு.

தறிச் சத்தம் நின்னு போச்சு. எங்க வூட்டுக்காரரு குழியில இருந்துக்கினே, "இன்னாமே, அவன் யாரு, எந்த ஊருன்னு கேளு"ன்னாரு.

எழுதும்மா நான் சொல்றதன்னேன். எப்படி எழுதறது அத்தேன்னா. நான் பேசறா மாதிரியே எழுது, ஒரு எழுத்தக் கூட சலவைக்குப் போடாதன்னேன். போட்டா. அதுவும் அவ பட்டப்பேர்லயே. நான் சொன்னது இது தான். நெய்யறவங்க கண்ணு தறி மேல இருக்கும், கையி நாடாவுல இருக்கும், காலு மிதியில இருக்கும். காது மட்டும் தான் சும்மா இருக்குது. எங்களுக்கு டிவி எதுக்கு? கண்ண எடுத்தா இழை பூடும். காதுக்கு ரேடியோ தான். அதை மூடிட்டா எங்க ஆளுங்க நாள் முழுக்க பொண்டாட்டி பேசறதத் தான் கேக்கணும், பாவம். கட்டணம் போடறதா இருந்தா கண்ணுக்குப் போடு, காதுக்குப் போடாத.

அத்தோட வுட்டேனா? பழைய லைசென்ஸ் கதையையும் அவுத்து வுட்டேன். எங்க மாமனாரு காலத்துல ரேடியோ வச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல வருசத்துக்கு ஒரு தடவ காசு கட்டணும். எங்க மாமனாரு அதைக் கட்டல. திடீர்னு செக் பண்றவரு தெருவுக்குள்ள வந்துட்டாரு. மாமனாரு ரேடியோவத் தூக்கி தறிக்குழிக்குள்ள வச்சு, துணியப் போட்டு மூடிட்டு, அது மேலயே காலத் தொங்க வுட்டுக்கினு நெய்யறாரு. ஆனா அதை நிறுத்த மறந்துட்டாரு. காலு பட்டு திருகு வேற திரும்பி, சத்தம் ஜாஸ்தி ஆயிடுச்சு. குழிக்குள்ளருந்து டெல்லி செய்தி கணீர்னு கேக்குது. வந்தவரு நல்ல மனுசன். வாசல்லயே நின்னு செய்தி முழுசும் கேட்டாரு. முடிஞ்சப்புறம், உங்க தறிக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துடுங்கன்னுட்டுப் போனாரு. மாமனாரு அன்னிக்கே போய் கட்டிட்டு வந்தாரு. அப்படி ஒளிச்சு ஒளிச்சு கேட்டு, அப்பால கவர்மெண்டே வேணாம்னு எடுத்துட்ட கட்டணத்த, மறுபடியும் எதுக்கு எழுப்பறீங்கன்னு முடிச்சேன்.

மறுநாள் பார்த்தா அந்த இழையில கூட்டமோ கூட்டம். சிரிச்ச மூஞ்சியா பொம்மை போட்டிருக்காங்க. அதுல புதுசா வந்த ஒருத்தரு, தோழின்னு தெரியாம எழுதனது தான் அந்த ஐயா. லண்டன்காரரு மட்டும் சிரிக்கல. கட்டணம் கட்டாம ரேடியோ கேட்டது திருட்டு, அதைப் பெருமையா சொல்றது அதை வுட மோசம்னு எழுதிட்டாரு. நான் வுடுவேனா? திருட்டு தான், ஆனா திருடனவரு மாலை போட்ட படமா செவுத்துல இருக்காரு, வந்து புடிச்சுக்கினு போங்கன்னேன். அந்த வாரம் முழுக்க இப்படியே போச்சு. காலையில எழுந்தா பல்லு தேய்க்கறதுக்கு முன்னால லண்டன் இன்னா சொல்லுதுன்னு கேக்கற அளவுக்கு வந்துட்டேன்.

இங்க தான் உறுத்தறவரு நுழைஞ்சாரு. நான் ஒரு விசயத்துலருந்து இன்னொண்ணுக்குத் தாவறேன், ரேடியோவுல ஆரம்பிச்சு எங்க நாத்தனாரு கல்யாணத்துல முடிக்கறேன்னு அவருக்குக் கடுப்பு. மருமக படிச்சுக் காட்டுனா. "தோழி, இனி கோர்வையாக எழுதவும். இல்லையேல் உங்கள் பதிவுகள் நீக்கப்படும்."

எனக்கு அந்த ஆளு மேல அப்போ தான் ஒரு மரியாதை வந்துது. கோர்வைன்னா இன்னான்னு தெரிஞ்ச மனுசன்னு நெனைச்சேன். கேளு, நீயும் வெளியூரு தானே. எங்க ஊர்ல சேலை உடல் ஒரு நெறமாவும் கரை வேற நெறமாவும் வரணும்னா, ரெண்டு நூலையும் நெய்யும்போதே ஒண்ணுக்குள்ள ஒண்ணா மாட்டி வுடணும். அதுக்குப் பேரு தான் கோர்வை. ஒரு ஆளால ஆவாது. நெய்யறவரு ஒரு நாடா போடணும், எதிர்ப்பக்கம் குந்தியிருக்கறவங்க ஒரு நாடா போடணும். கல்யாணமான புதுசுலருந்து அந்தப் பக்கத்து நாடா என்னுது. அதனால கோர்வையா எழுதுன்னு அவரு சொன்னதும், ரெண்டு பேரா சேர்ந்து எழுதச் சொல்றாருன்னு தான் எனக்குப் புரிஞ்சுது. சந்தேகத்துக்கு எங்க வூட்டுக்காரரையும் கேட்டேன். அவரு தலையத் தூக்காம, "கோர்வைன்னா ரெண்டு ஆளு தான், இதுல இன்னா கேள்வி"ன்னுட்டாரு. மருமகளப் பார்த்தேன். அவ குனிஞ்சுக்கினு கீபோர்டத் தொடைச்சிக்கினு இருந்தா.

சரி, பாதி நான் சொல்றேன், பாதி நீ எழுதுன்னேன்.

என் பாதிக்கு கருட சேவைய எடுத்துக்கினேன். வைகாசியில பெருமாளு கருடன் மேல ஏறி சின்ன காஞ்சிபுரத்துலருந்து எங்க பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் வர்றாரு. நாங்க சிவன் கோயில் பக்கத்து ஆளுங்க. அதுக்காக எங்க பக்கம் வராம போறாரா? வாசல்ல நிக்கறவங்களை எல்லாம் பார்த்துட்டுத் தான் போறாரு. யாருகிட்டயாவது டிக்கெட்டு கேட்டாரா? ரேடியோவும் டிவியும் பொதுன்னா அப்படி வரணும். கதவத் தட்டி காசக் கேட்டா அதுக்குப் பேரு சேவை கிடையாது. இவ்ளோ தான் என் பாதி. எனக்கே புல்லரிச்சுது. சொல்லிட்டு அடுப்பப் பார்க்கப் பூட்டேன். அவ பாதிய அவ எழுதிப் போட்டுட்டா. எனக்குப் படிச்சுக் காட்டல.

மறுநாள் மத்தியானம் தான் கேட்டேன். என் பாதிக்குக் கீழ அவ எழுதியிருக்கறா, சுத்தத் தமிழ்ல. பெருமாளுக்குக் குடை பிடிப்பவருக்கும் தோள் கொடுப்பவருக்கும் யாரோ கூலி கொடுக்கிறார்கள். நாம் கொடுப்பதில்லை. வழியில் பந்தல் போட்டு மண்டகப்படி நடத்துபவர்கள் கொடுக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் பந்தலில் அவர் நெடுநேரம் நிற்கிறார், நம் வாசலில் நிற்காமல் போகிறார். ஊரே ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் எல்லா வாசலிலும் நின்று போவார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கட்டணம் வேண்டும்.

என் பெருமாள வச்சே என்னை அடிச்சிட்டா. கருடன் மேல ஏத்தி நான் அனுப்பறேன், அவ பாதி வழியில எறக்கி அவ கட்சியில சேர்த்துக்கினா.

இன்னாடி இதுன்னேன். கரை ஒரு நெறம், உடல் ஒரு நெறம், நீங்க தானே அத்தே கோர்வைன்னீங்கன்னா. சிரிக்காம சொன்னா.  ராட்டைய சுத்தனேன், நூலு எங்கியோ போவுது. உள்ளுக்குள்ள எனக்கு இன்னான்னு சொல்றது, தறியிலருந்து புதுச் சேலைய அறுத்து எடுத்து வெயில்ல பிரிச்சுப் பார்க்கறா மாதிரி இருந்துச்சு. இத்தினி நாளு எனக்கு சரிக்கு சரி நிக்கறதுக்கு ஒரு ஆளு இந்த வூட்லயே இருந்திருக்குது. நான் நாக்கு இல்லன்னு நெனைச்சிக்கினு இருந்திருக்கேன்.

சந்தோசம் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தான். அந்த இழையில பூகம்பம். மேல ஒரு பேச்சு, கீழ அதுக்கு நேர் எதிரா ஒரு பேச்சு, இது இன்னா பைத்தியமான்னு ஒருத்தரு. இது பொம்பளையே இல்ல, மெட்ராஸ்ல குந்திக்கினு எவனோ நம்பள ஏமாத்தறான்னு இன்னொருத்தரு. பழசெல்லாம் தோண்டிப் பார்த்து, இந்தத் தோழி எப்பவுமே போலி தான்னு கூட்டமா சேர்ந்துக்கினாங்க. கடைசியா உறுத்தறவரு வந்தாரு. கோர்வையாக எழுதச் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாக எழுதுகிறீர்கள். ஒரு கணக்கை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. நாளைக்குள் விளக்கம் வராவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும்.

அவரு தானே கோர்வைன்னாரு, நம்ப கோர்வையாத் தானே எழுதனோம்னு எனக்குக் கோவம். அப்போ தான் மருமக மெதுவா சொன்னா. மத்த ஊர்ல எல்லாம் கோர்வைன்னா முன்ன பின்ன சேர்த்து ஒழுங்கா சொல்றது, ரெண்டு ஆளு சொல்றது இல்லன்னு.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும் அத்தே."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா என் பாதிய எழுத வுட்டிருப்பீங்களா?"

வுட்டிருக்க மாட்டேன் தான். அவகிட்ட நான் ஒத்துக்கினது அந்த ஒரு தடவ தான், எழுதிக்கோ.

ஆனா அவ மூஞ்சி செத்துப் போச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல கைய வச்சிட்டு எடுத்துட்டா. மறுநாள் காலையில கடைக்காரருக்குப் போட்ட டிசைன்ல மயிலுக்கு வாலே இல்ல. நான் கேட்டேன், போனா போவுது, ஒரு கம்ப்யூட்டர் களம் தானேன்னு. அவ சொன்னா, "உங்களுக்குத் தெரு இருக்குது அத்தே. கொழாயடியில நின்னா நாலு பேரு உங்க பேச்சக் கேக்கறாங்க. எனக்கு அது தான் தெரு." ரெண்டு மூணு வருசமா அவ பேசுன பேச்செல்லாம் அங்க இருக்குது. மூடிட்டா அத்தினியும் பூடும். போலின்னு பேரும் நிக்கும். அதுவும் யாரால? இந்த வாயால.

நானே ஒரு வழி சொன்னேன். எங்க வூட்டுக் கெழவி வெவரம் தெரியாம பூந்துட்டா, நான் தான் தோழி, இனிமே அவளை உள்ள வுட மாட்டேன்னு எழுதிடு. அவங்களும் வுட்ருவாங்க. எனக்கு சீரியலு இருக்குது. அப்படின்னு சொன்னேன். 

அவ போய் குந்தி எழுத ஆரம்பிச்சா. ரொம்ப நேரம் எழுதனா. அனுப்பிட்டியான்னேன். தலைய ஆட்டுனா. படிச்சுக் காட்டுன்னேன். மாட்டேன்னா. படிக்கலைன்னா நானே எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பொழுது சாஞ்சுடும்னேன். அப்பறம் படிச்சா.

"இந்தக் கணக்கில் இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் நான். இன்னொருவர் என் கணவரின் தாயார். அதைச் சொல்லாமல் இருந்தது விதிப்படி தவறு. ஆனால் அவர் சொன்னதில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நான் எழுதியதை அவர் மாற்றச் சொல்லவும் இல்லை. எங்கள் ஊரில் இதற்குத்தான் கோர்வை என்று பெயர். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் இரண்டு கருத்தோடு இருப்பது உங்களுக்குப் போலியாகத் தெரிந்தால், இருவரையும் சேர்த்தே நீக்குங்கள்."

தறி மறுபடியும் நின்னு போச்சு. எங்க வூட்டுக்காரரு குழியிலருந்து எழுந்து வந்து ரூம்பு வாசல்ல நின்னாரு. மருமக ரூம்பு வாசல்ல அவரு நின்னு நான் பார்த்ததே கிடையாது. அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிம்மான்னாரு. படிச்சா. கேட்டுட்டு மறுபடியும் போய் குழியில எறங்கிட்டாரு. அவ்ளோ தான். அவரு எனக்கு இத்தினி வருசத்துல அவ்ளோ கூட சொன்னது இல்ல.

மத்தியானம் வரைக்கும் பதில் இல்ல. போனு ஒயர்ல தான் அப்போ நெட்டு வரும், யாரனா போனப் பண்ணா கட்டாயிடும். யாரு பண்ணாலும் திட்டி வச்சுட்டேன். என் மவன் கம்பெனியிலருந்து பண்ணான், அவனுக்கும் திட்டு. மத்தியானத்துக்கு மேல தான் ஒரு பதில் வந்துது. யாருகிட்டருந்துன்னு நெனைக்கற? லண்டன்காரரு. அவரு எழுதியிருந்தாரு, எனக்கும் என் மனைவிக்கும் இதே கட்டணத்தில் பத்து வருடமாகச் சண்டை, அவளை இங்கே எழுத வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். காஞ்சிபுரத்து அம்மையாரை வெளியேற்றினால் நான் யாரோடு வாதாடுவது? மருமகள் என் கட்சி, மாமியார் எதிர்க்கட்சி, இரண்டும் வேண்டும். அன்னிக்கு நான் அந்த மனுசனை மன்னிச்சிட்டேன். என் மாமனாரைத் திருடன்னு சொன்னதையும் சேர்த்து.

அதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தரா எழுத ஆரம்பிச்சாங்க. போலின்னு சொன்னவரும் வந்து மன்னிப்புக் கேட்டாரு. ஐயான்னு சொன்னவரு அம்மான்னு திருத்திக்கினாரு. ராவுக்கு முன்னால உறுத்தறவரு வந்தாரு. விதி விதிதான். ஒரு கணக்கில் ஒருவர்தான். ஆகவே தோழியின் கணக்கு தோழிக்கே. அம்மையார் தனிக் கணக்கு தொடங்கிக்கொள்ளலாம். அம்மையார் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். கோர்வை பற்றி இனி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மருமக சத்தமா சிரிச்சா. எங்க வூட்ல அவ சிரிப்புச் சத்தம் தெரு வரைக்கும் போனது அன்னிக்குத் தான். மயிலுக்கும் வாலப் போட்டுட்டா.

எனக்குத் தனிக் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தா. கல்வித் தகுதின்னு ஒரு கேள்வி இருந்துச்சு. மூணாவதுன்னு போடுன்னேன். முழுசா முடிச்சீங்களான்னா. கேக்கறாளேன்னு எனக்கே சந்தோசம், எதுத்துக் கேக்கக் கத்துக்கினாளே.

கடைசியா அந்த இழையில லண்டன்காரரு ஓட்டுக்கு வுட்டாரு. கட்டணம் வேணுமா, வேணாமா. ஒரு கணக்குக்கு ஒரு ஓட்டு. கம்ப்யூட்டரு எலிய நானே புடிச்சு, வேணாம்ங்கறது மேல நானே அமுக்கினேன். மொதல்ல வேற எங்கியோ அமுங்கி ஒரு சினிமா வெளம்பரம் வந்துது, அது வேற விசயம். மருமக அவ கணக்குல போய் வேணும்னு போட்டா. என் கண்ணு முன்னாலயே போட்டா. எங்க வூட்டுக்காரரு தறியிலருந்து யோசிச்சு யோசிச்சு கேட்டாரு, அவ ஒண்ணு போட்டா, நீ ஒண்ணு போட்ட, ரெண்டும் கழிஞ்சு போச்சு, அப்பறம் எதுக்கு ரெண்டு பேரும் போட்டீங்கன்னு. கழிஞ்சாலும் ரெண்டு குரலும் கேட்டுச்சே, ரேடியோ கேக்கற மனுசனுக்கு இது புரியாதான்னு கேட்டேன். ரேடியோவ ஜாஸ்தி பண்ணிட்டாரு. ஓட்டுல எந்தப் பக்கம் ஜெயிச்சுதுன்னு கேக்கறியா? அதை மட்டும் சொல்ல மாட்டேன். என் பக்கம் ஜெயிச்சிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன்.

அதுல ஒரு வார்த்த தெருவுக்குள்ள பூந்துடுச்சு. நான் தான் வாய வச்சிக்கினு இருக்காம, மருமக எனக்குத் தனிக் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்துட்டான்னு யாருகிட்டயோ பீத்திக்கினேன். அது நாலு வாயி மாறி, பேங்குல தனிக் கணக்கு ஆயி, அப்பால மாமியாரும் மருமகளும் சொத்தப் பிரிச்சிக்கினாங்க, அடுப்பு ரெண்டாயிடுச்சுன்னு ஆயிடுச்சு. மறுநாள் கொழாயடியில நாலஞ்சு பொம்பளைங்க கொடத்தக் கீழ வச்சிட்டு என்னையே பார்த்துக்கினு நிக்கறாங்க. எதிர் வூட்டுக்காரி கண்ணத் தொடைச்சிக்கினே கிட்ட வந்தா. இன்னாக்கா, தங்கமான பொண்ணுன்னீங்களே, இப்படிப் பிரிச்சிட்டாளேன்னா.

நான் கொடத்தத் தூக்கி இடுப்புல வச்சிக்கினு சொன்னேன். "ஆமாம்மா, பிரிஞ்சுட்டோம். அவ கட்டணம் வேணும்ங்கற கட்சி, நான் வேணாம்ங்கற கட்சி. லண்டன் வரைக்கும் சண்ட நாறிப் போச்சு. சோறு ஒரே பானையில தான். இன்னிக்கு மத்தியானம் அவ என்னை இன்னும் நாலு கேள்வி கேக்கப் போறா, நான் போய் பதில் ரெடி பண்ணணும். நீ போய் உன் மருமகளை உக்கார வச்சு, நீ எந்தக் கட்சிம்மான்னு கேளு. பதில் சொன்னான்னா வந்து சொல்லு, அவளுக்கும் ஒரு தனிக் கணக்கு ஆரம்பிச்சுத் தரச் சொல்றேன்."